பஞ்சக்கா மூச்சு பார்க்கிறார்

கண்ணை மூடிக்கொண்டு, லேப்டாப்பின் விலாவில் காற்று வெளியேறும் துளைகளுக்கு நேராக உள்ளங்கையை நீட்டிப் பிடித்திருக்கிறார் பஞ்சக்கா. இந்த நேரத்தில் கடைக்குள் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. தலைக்கு மேலே சுற்றுகிற மின்விசிறியையும் நிறுத்திவிடுவார். புழுங்குகிறதே என்று யாராவது முனகினால், "கொஞ்சம் சும்மா இருங்க, மூச்சு பாக்கறேன்ல?" என்று ஓர் அதட்டல் விழும். அப்புறம் நாங்கள் எல்லோரும் அவரவர் வியர்வையைத் துடைத்தபடி, ஒரு பெட்டி மூச்சு விடுகிறதா இல்லையா என்று காத்துக் கிடப்போம். வெளியே வந்து நினைத்துப் பார்த்தால் சிரிப்பு வரும். உள்ளே இருக்கும்போது யாரும் சிரித்து நான் பார்த்ததில்லை.

பஞ்சக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. தச்சர் காதில் பென்சில் செருகுகிற மாதிரி இவர் இடது காதுக்கு மேலே ஒரு துண்டுப் பஞ்சைச் செருகி வைத்திருப்பார். அந்தத் தெருவில் போய் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் யாரும் வழிகாட்ட மாட்டார்கள். வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். மூக்குக் கண்ணாடி பெரும்பாலும் நெற்றியில்தான் குடியிருக்கும். கடையில் பாதி இவருக்கு, மீதி இவர் கணவருக்கு. கணவர் சாவி வெட்டுகிறவர். பித்தளைத் தூள் பறந்துவந்து திறந்து கிடக்கிற லேப்டாப்புக்குள் விழுந்தால் கதை கந்தல் என்று நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பைப் போட்டுவிட்டார். "எங்களுக்கு நடுவுல இந்தக் கண்ணாடி வந்தப்புறம்தான் குடும்பத்துல நிம்மதி" என்பார். தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து கணவர் தலையாட்டுவார். காதில் விழுந்துதான் ஆட்டுகிறாரா என்பது அவருக்கே வெளிச்சம்.

இவரிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஒரே புகார்தான். படம் பார்த்தால் ஒன்றும் ஆகாது, டைப் அடித்தால் ஒன்றும் ஆகாது; கேம் ஆட உட்கார்ந்தால் மட்டும் நட்டநடு ஆட்டத்தில் லேப்டாப் பட்டென்று அணைந்துபோகும். வேறு கடையாக இருந்தால் உடனே திருப்புளியைத் தூக்குவார்கள். பஞ்சக்கா தூக்க மாட்டார். வந்தவரை முக்காலியில் உட்காரவைத்து, வீட்டில் எப்படி ஆடுவீர்களோ அப்படியே ஆடிக் காட்டுங்கள் என்பார். ஆட ஆரம்பித்ததும் அவர் மிஷினைத் திரும்பியும் பார்க்க மாட்டார். ஆடுகிற ஆளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு வக்கீல் நெளிந்து நெளிந்து உட்கார்ந்தார். மடியில் வைத்துக்கொள்ளத் தலையணை கிடைக்குமா என்று கடைசியில் வெட்கத்தோடு கேட்டார். "அந்தத் தலகாணிதான் சார் உங்க வியாதி. மூக்குல வச்சு அமுக்கிட்டு, ஏன் மூச்சு விடலன்னு கேட்டா?" என்று பையை மூடிக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார். கல்லூரிப் பெண் ஒருத்தி, சிநேகிதியின் சின்ன லேப்டாப்புக்கு வந்த சார்ஜரைத் தன் பெரிய லேப்டாப்புக்குச் செருகியிருந்தாள். கேம் ஓடும்போது அது கேட்கிற மின்சாரத்தை அந்தச் சார்ஜரால் கொடுக்க முடியாது. "டீஸ்பூனால யானைக்கு ஊட்டறியேம்மா" என்றார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே போனாள். இன்னொருவர், தூசி படக் கூடாதென்று அருமை பெருமையாக ஒரு துணி உறை தைத்து, அந்த உறையைக் கழற்றாமலே ஆடிக்கொண்டிருந்தார். பஞ்சக்கா கொஞ்ச நேரம் அந்த உறையின் தையலைத் தடவிப் பார்த்து, நல்ல தையல் என்று பாராட்டிவிட்டு, கத்தரிக்கோலை எடுத்தார்.

அவருடைய சித்தாந்தம் எளிமையானது. "டைப் அடிக்கறது அதுக்கு நடக்கற மாதிரி. கேம்னா மலையேறற மாதிரி. வாய் வழியா, மூக்கு வழியா எல்லாம் காத்து வாங்கும். அது கிடைக்கலன்னா சூடு ஏறும். சூடு ஏறினா செத்துரக் கூடாதுன்னு அதுவே அணைஞ்சுக்கும். மனுஷனுக்குத்தான் அந்தப் புத்தி கிடையாது." இதை அவர் எல்லோரிடமும் சொல்லுவார். எத்தனையோ முறை கேட்ட நான், கடைசி வாக்கியத்தைச் சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லுகிறார் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கழற்றுவதெல்லாம் இதற்குப் பிறகுதான். ஐஸ் தட்டின் குழிகளில் திருகாணிகள் வரிசையாகப் போய் விழும். அடிமூடியை எடுத்தால் ஒரு குட்டி விசிறி, அதன் வாயில் நெருக்க நெருக்கமாகச் செம்புத் தகடுகள். விசிறி உறிஞ்சுகிற தூசியெல்லாம் அந்தத் தகடுகளில் போய் முட்டி, அழுந்தி, நாளாக ஆகக் கம்பளத் துண்டு மாதிரி கெட்டிப்பட்டுவிடும். மற்றவர்கள் ஊதித் தள்ளிவிட்டுப் போவார்கள். பஞ்சக்கா இடுக்கியால் அதைப் பிய்யாமல் கொள்ளாமல் முழுசாக உரித்தெடுப்பார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். என் லேப்டாப்பிலிருந்து எடுத்ததையும் அப்படித்தான் பார்த்தார். அதில் முழுக்கப் பிஸ்கட் தூள். "எழுத்தாளர்னு சொன்னீங்க. இதப் பாத்தா எழுதறதவிடத் திங்கறதுதான் ஜாஸ்தி போல இருக்கே" என்றார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சாவி வெட்டுகிற சத்தம் ஒரு கணம் நின்றது. ஆக, அவருக்குக் காது கேட்கிறது.

பார்த்து முடித்த தூசியை அவர் எறிவதில்லை. பழைய மருந்து பாட்டிலில் போட்டு மூடி அலமாரியில் வைக்கிறார். அலமாரி நிறைய பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் விரல் நீளத்துக்கு யாரோ ஒருவருடைய வீடு. கேட்டால் காட்டுவார். இது பூனை வீடு. இது பவுடர் வீடு, அந்த அம்மாள் குளித்துவிட்டு வந்து நேராக மேஜைக்கு முன்னால் நின்றுதான் பவுடர் போடுவார். இது பிரிந்து போனவர்களின் வீடு. அந்தப் பாட்டிலை வாங்கி நான் உற்றுப் பார்த்தேன். அடிப்பாதியில் நீள நீளமான முடிகள் சுற்றிக் கிடந்தன. மேல்பாதியில் ஒன்றுகூட இல்லை. "சம்சாரம் போயிட்டாங்கன்னு அந்த மனுஷன் வாயத் தொறந்து சொல்லல. இது சொல்லிருச்சு" என்றார் பஞ்சக்கா. மாலை வெயில் அலமாரியில் விழும்போது பாட்டில்களுக்குள் முடிகள் மினுங்கும். எதற்கு இதையெல்லாம் சேர்த்து வைக்கிறீர்கள் என்றால், தூக்கிப் போட மனசு வரவில்லை என்பதற்கு மேல் பிடி கொடுக்க மாட்டார். நானும் அங்கே ஒரு பாட்டிலில் இருக்கிறேன் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் முதுகு சில்லிடுகிறது.

அந்த வரிசையில் ஒரு பாட்டில் மட்டும் கறுப்பு.

அது ஒரு பஸ் டிரைவரின் வீடு. நகரப் பேருந்து ஓட்டுகிறவர். வேலை முடிந்து, வீட்டுக்குப் போய்க் குளித்து, ஈரத்தலையோடுதான் கடைக்கு வருவார். லேப்டாப் அவருடையதல்ல, தங்கையுடையது. அண்ணன், தங்கை, அம்மா என்று மூன்று பேராக இருந்த வீடு. அம்மா போன வருஷம் இறந்துபோனார். அதற்குப் பிறகு தங்கை வேலைக்குப் போவதை விட்டுவிட்டு, அம்மாவின் அறைக்குள்ளேயே முடங்கிவிட்டாள். ஒரே ஆறுதல் அந்தக் கேம். பனி கொட்டுகிற காட்டில், சிவப்புக் கோட்டு போட்ட ஒரு பெண் விறகு பொறுக்கி, ஆளில்லாத ஒரு வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சுடுவது கிடையாது, சண்டை கிடையாது. நடக்க வேண்டும், அவ்வளவுதான். நடந்துகொண்டே இருக்கும்போது லேப்டாப் அணைந்துபோகிறது என்று கொண்டுவந்தார்.

உள்ளே கம்பளம் இல்லை, பிசுபிசுவென்று கறுப்பாக ஏதோ அப்பியிருந்தது. வீட்டில் யாராவது சிகரெட்டா என்று பஞ்சக்கா கேட்டார். இல்லை. கொசுவத்தி? அதுவும் இல்லை. சரி, பஸ் ஓட்டுகிறவர் வீடு, ரோட்டுப் புகையெல்லாம் சட்டையோடு வருகிறது போல என்று முடிவுகட்டிவிட்டார். சுத்தமாகத் துடைத்து, சூட்டைக் கடத்துவதற்காகத் தடவியிருந்த, காய்ந்துபோன பேஸ்ட்டைச் சுரண்டிப் புதிது தடவி, சோதனைக்காக அந்தக் கேமையே ஓடவிட்டு மேஜையில் வைத்தார். அன்று முழுக்க அந்தச் சிவப்புக் கோட்டுப் பெண் கடைக்குள் பனியில் நின்றாள். யாரும் விசையைத் தொடவில்லை. ஆனாலும் அவள் தோள்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன; வாயிலிருந்து வெண்புகையாய் மூச்சு வந்து வந்து போனது. வந்த வாடிக்கையாளர்கள் அவளுக்கு முதுகு காட்டாமல் தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்கள். லேப்டாப் ஒருமுறைகூட அணையவில்லை. பஞ்சக்காவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை, டிரைவர் மறுபடி வந்தார். மறுபடி அதே கறுப்பு. இந்தத் தடவை அவர் உடனே போகாமல் முக்காலியில் உட்கார்ந்து, சாவிக்கொத்தைக் கையில் உருட்டிக்கொண்டே, சொல்லலாமா வேண்டாமா என்று தவித்தார். பிறகு, சொன்னால் சிரிக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு சொன்னார்.

"லேப்டாப் அணைஞ்சப்புறமும் நடக்கற சத்தம் நிக்கலன்னு தங்கச்சி சொல்லுதுக்கா."

திரை கறுத்துப்போன பிறகும் காலடி கேட்கிறதாம். முதலில், அணைந்த பெட்டிக்குள் ஏதோ சிக்கிக்கொண்டு ஓடுகிறது என்று நினைத்துக் காதை வைத்துப் பார்த்திருக்கிறாள். அங்கேயிருந்து வரவில்லை. கேமில் கேட்பது பனியில் பூட்ஸ் போட்டு நடக்கிற சத்தம். இது வெறுங்காலால் தரையில் நடக்கிற சத்தம். ஒரு கால் பதியும், இன்னொரு கால் இழுபடும். அவர்களுடைய அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்து சேர்ந்ததிலிருந்து அப்படித்தான் நடை. கட்டிலைச் சுற்றி வந்து, ஜன்னல் பக்கம் கொஞ்சம் நின்று, திரும்பவும் வருகிறதாம். தங்கை பயப்படவில்லை என்பதுதான் டிரைவருக்குப் பயமாக இருந்தது. டாக்டரிடம் அழைத்துப் போனார். தலைவலி, தூக்கம், பசியின்மை என்று கேட்டுவிட்டு, துக்கம் அப்படித்தான் செய்யும், நாளாக ஆகச் சரியாகும் என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார்களாம்.

பஞ்சக்காவும் ஆமாம், துக்கம் பொல்லாதது என்றார். காதிலிருந்து பஞ்சை எடுத்தார். கறுப்பைத் துடைத்தார். பளபளவென்று ஆக்கித் திருப்பிக் கொடுத்தார்.

மூன்றாவது முறை டிரைவர் வந்த மத்தியானம் நானும் கடையில் இருந்தேன். பஞ்சக்கா உள்ளங்கையை நீட்டி மூச்சு பார்த்தார். முகம் சுருங்கியது. அடிமூடியைக் கழற்றினார். தகடுகளின் வாய் சட்டியின் அடிப்புறம் மாதிரி கரியேறிக் கிடந்தது. இடுக்கியால் ஒரு துணுக்கை எடுத்து விரல்களுக்கு நடுவில் தேய்த்தார், முகர்ந்தார், கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மாட்டிக்கொண்டு பார்த்தார். ஒரு முடி இல்லை, ஒரு நூல் இல்லை. "இது கீழேருந்து வந்த தூசி இல்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். லேப்டாப் எந்த அறையில் இருக்கிறது? அம்மாவின் அறையில். ஜன்னல்? தெருச் சத்தம் ஆகாது என்று தங்கை சாத்தியே வைத்திருக்கிறாள். கதவு? அதுவும்தான்.

"அம்மாவும் அந்த ரூம்லதான் படுப்பாங்க" என்றார் டிரைவர். "தூக்கத்துலயே போயிட்டாங்க. ஒரு கஷ்டமும் படல." யார் துக்கம் விசாரித்தாலும் அவர் வழக்கமாகச் சொல்லுகிற ஆறுதல் போலிருக்கிறது, தடங்கல் இல்லாமல் வந்தது.

பஞ்சக்காவின் கையிலிருந்த இடுக்கி அப்படியே நின்றது.

வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். தங்கைதான், தூங்குகிறாள். போன் போடச் சொன்னார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. தூங்கினால் எடுக்க மாட்டாள் என்று டிரைவர் சமாதானம் சொன்னார். பஞ்சக்கா அந்தச் சமாதானத்தைக் காதில் வாங்கவில்லை. தடுப்புக் கண்ணாடியைத் தட்டி, கடையைப் பார்த்துக்கொள்ளும்படி கணவருக்குச் சைகை காட்டினார், என்னிடம் தன் பையைத் திணித்தார், செருப்பை மாற்றி மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார். இடது வலது மாறிய அந்தச் செருப்போடுதான் இரண்டு தெரு தாண்டி, மூன்று மாடி ஏறினார். எனக்கு விஷயம் ஒன்றும் புரியவில்லை. வழிகாட்டிய டிரைவரோடு நானும் ஓடினேன்.

டிரைவர் கதவைத் திறந்தார். துடைத்து வைத்த மாதிரி வீடு. குளியலறைக்குள் அவருடைய துண்டு இன்னும் ஈரமாகத் தொங்கியது. பக்கத்திலேயே அம்மாவின் அறை. கதவைத் தள்ளியதும் உள்ளிருந்து ஒரு வெதுவெதுப்பு முகத்தில் அடித்தது. வாசனை எதுவும் இல்லை. புகை இல்லை, நெடி இல்லை, ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றும் இல்லாததுதான் இன்றுவரை என்னை விடாமல் துரத்துகிறது. கட்டிலில் தங்கை ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கன்னங்கள் சிவந்து, நன்றாகத் தூங்குகிறவளின் முகமாகத்தான் இருந்தது. மேஜையில் லேப்டாப் வைத்திருந்த இடம் மட்டும் சதுரமாக வெளுத்துத் தெரிந்தது. சுற்றிலும் மேஜை லேசாகக் கறுத்திருந்தது.

பஞ்சக்கா குனிந்து, அந்தப் பெண்ணின் மூக்குக்கு நேராக உள்ளங்கையை நீட்டினார். கண்ணை மூடிக்கொண்டார். கடையில் பழகிய பழக்கம், நாங்கள் இரண்டு பேரும் பேச்சு மூச்சில்லாமல் நின்றோம். எனக்கு அப்போது அந்த வீட்டில் யாரோ நடப்பது கேட்டதா என்று பிறகு பலர் கேட்டார்கள். என் நெஞ்சு அடித்த அடியில் எனக்கு எதுவும் கேட்டிருக்காது.

"இருக்கு" என்றார் பஞ்சக்கா. "கம்மியா இருக்கு. ஜன்னலத் தொறங்க. தூக்குங்க, தூக்குங்க, வெளிய கொண்டு போங்க."

ஜன்னல் பெயிண்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. டிரைவர் தோளால் இடித்துத் திறந்தார். அவளை மாடிப்படிக்குத் தூக்கிக்கொண்டு வந்தோம். ஆம்புலன்ஸ் வந்து கொண்டுபோய், ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் நாங்கள் பார்த்தது வேறாக இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார்.

ஹீட்டர் மெக்கானிக் வந்து அறையின் கூரைப் பலகையைக் கழற்றியபோது எல்லாம் விளங்கியது. குளியலறையில் கேஸில் எரிகிற வெந்நீர் ஹீட்டர். அதன் புகைக்குழாய் அம்மாவின் அறைக்கு மேலே, பலகைக்குப் பின்னால் ஓடி வெளியே போக வேண்டும். நடுவில் ஒரு மூட்டு நழுவியிருந்தது. யார் வெந்நீர்க் குழாயைத் திறந்தாலும் அந்தப் புகை கரியோடு அறைக்குள் இறங்கியிருக்கிறது. அதில் வாசனையே இல்லாத ஒரு விஷக்காற்று உண்டு. தலையை வலிக்கச் செய்யும், தூங்கவைக்கும், இல்லாததைக் கேட்கவும் காணவும் வைக்கும் என்று டாக்டர் விளக்கினார். ஹீட்டர் மாட்டியது எப்போது என்று மெக்கானிக் கேட்டார். அம்மா இறப்பதற்குக் கொஞ்சம் முன்னால்தான். ஏணியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த டிரைவர் இறங்கி வந்தார். "அப்ப அம்மாவும்..." என்றார். அப்புறம், "தெனமும் நான் குளிச்ச தண்ணிக்கா" என்று சொல்லிவிட்டு, படியில் உட்கார்ந்து, நாங்கள் இருப்பதையும் பொருட்படுத்தாமல் வாய்விட்டு அழுதார். பஞ்சக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்து அவர் முதுகில் கையை வைத்துக்கொண்டார்.

இந்தக் கதையை நான் எங்கே சொன்னாலும் பஞ்சக்காவைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்கள். அவர் முன்னால் சொன்னால் மட்டும் கோபம் வந்துவிடும். "ரெண்டு தடவ அந்த மிஷின் என்கிட்ட வந்து சொல்லுச்சு. நான் அது மூக்கத் தொடச்சுத் திருப்பி அனுப்பிட்டேன்" என்பார். அதற்குப் பிறகு யாருடைய தூசியைப் பார்த்தாலும் முதலில் அந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று விசாரிக்கிறார். எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள் என்று வாயால் சொன்னால் போதாது, அவருக்குப் பெயர் பெயராகச் சொல்ல வேண்டும்.

தங்கை தேறி வந்தாள். ஒருநாள் தனியாகவே கடைக்கு வந்தாள். நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்து, சாவிக்காரர்கூடத் தடுப்பைத் தாண்டி எட்டிப் பார்த்தார். அவள் நன்றி சொல்லவில்லை. முக்காலியில் உட்கார்ந்து, கறுப்புப் பாட்டில் எது என்று கேட்டாள். பஞ்சக்கா காட்டினார். கையில் வாங்கி வெகுநேரம் வைத்திருந்தாள்.

"இப்பல்லாம் நல்லா தூங்கறேன், தலைவலி இல்ல" என்றாள். "ஆனா வீட்ல ஒரு சத்தம் இல்லக்கா. நீங்க ஜன்னலத் தொறந்தீங்க, அம்மா போயிட்டாங்க. ரெண்டாவது தடவையும் போயிட்டாங்க."

இந்தப் பாட்டிலை எனக்குத் தருவீர்களா என்று அவள் கேட்டபோது, அது என்னிடமே இருக்கட்டும் கண்ணு என்று பஞ்சக்கா பதமாக வாங்கி அலமாரியில் வைத்துவிட்டார்.

அது அத்தோடு போயிருக்கும். டிரைவர் ஒருநாள் பேச்சுவாக்கில், தங்கைக்கு இப்போது வீட்டு வேலைகளில் நல்ல அக்கறை வந்திருக்கிறது, குழாய் எந்த இடத்தில் கழன்றது, எப்படிக் கழன்றது என்றெல்லாம் மெக்கானிக்கிடம் விவரமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டாள் என்று சந்தோஷமாகச் சொன்னார். பஞ்சக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. அன்றைக்கே அண்ணனைத் தனியாக அழைத்து, அந்தக் காலடி திரும்பக் கேட்க வேண்டும் என்று அவளே குழாயைக் கழற்றிவிடுவாளோ என்ற பயத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னார். அவர் கூரைப் பலகையை நாலு பக்கமும் ஆணியடித்து இறுக்கினார், தங்கையை மனநல டாக்டரிடமும் அழைத்துப் போகிறார். ஆனாலும் அவர் பஸ்ஸில் இருக்கிற நேரமெல்லாம் அவள் வீட்டில் தனியாக. அதனால் பஞ்சக்கா இன்னொன்றும் செய்தார். அந்த லேப்டாப்பில் ஒரு கோளாறு பாக்கி இருக்கிறது, மாதம் தவறாமல் நான் பார்க்க வேண்டும், நீயே எடுத்துக்கொண்டு வர வேண்டும் என்று தங்கையிடம் சொல்லிவிட்டார். அதில் ஒரு கோளாறும் கிடையாது. நாள் பூராவும் ஓடவிட்டாலும் அணையாது. அவர் வேலையில் பொய் சொல்லி நான் பார்த்தது இது ஒன்றுதான்.

போன வாரம் அவள் வந்தபோது நான் அங்கே இருந்தேன். லேப்டாப்பை மேஜையில் வைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தாள். உடம்பு தேறியிருந்தது. பஞ்சக்கா ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றி ஐஸ் தட்டில் போட்டார். காதிலிருந்து பஞ்சை எடுத்து இடுக்கியில் சுற்றி, தகடுகளின் வாயில் ஒருமுறை மெல்ல இழுத்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அந்தப் பெண்ணும் மேஜைமேல் எக்கிப் பஞ்சையே பார்த்தாள்.

"கறுப்பா இருக்காக்கா?"

பயந்து கேட்கிற குரல் இல்லை அது. ஆசையாய்க் கேட்கிற குரல்.

"இல்லடா கண்ணு" என்றார் பஞ்சக்கா. "சாம்பல் கலராத்தான் இருக்கு. எல்லார் வீட்லயும் இருக்கற தூசி." அதில் ஒரு நீளமான முடி ஒட்டியிருந்தது. அது அவளுடையதுதான், அதையும் காட்டினார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எழுந்திருக்கவில்லை.

பஞ்சக்கா எழுந்துபோய் மேலே சுற்றிய மின்விசிறியை நிறுத்தினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சாவி வெட்டுகிற சத்தமும் நின்றது. லேப்டாப் திறந்து கிடந்தது. அதை அவர் இன்னும் மூடக்கூட இல்லை. மேஜைக்கு மேலாக எட்டி, அந்தப் பெண்ணின் மூக்குக்கு நேராக உள்ளங்கையை நீட்டிப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். அவள் அந்தக் கையைத் தட்டிவிடவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே அடக்கிக்கொண்டிருந்துவிட்டு, மெதுவாக மூச்சை விட்டாள்.